உடையாத பாட்டில்கள்

அத்தானுக்கு நான் தர வேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து நானூறு. வெளிநாட்டு வேலைக்காக ஏஜெண்டுக்குக் கட்ட, அக்கா புருஷனிடம் வாங்கியதில் மிச்சம் அது. வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வார். முதலில் "சாப்டியா மாப்ளே?" என்பார். அப்புறம் பணப்பேச்சு. ஒப்பந்தம் முடிந்தது, திரும்பி வருகிறேன் என்றதும் அவரே ஒரு வழி சொன்னார்.

"பணமா வேணாம். டூட்டி ஃப்ரீ கடையில நல்ல சரக்கா ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வா. இங்க கல்யாண மண்டபத்துக்காரர் மூணு மடங்கு தர்றேங்கிறார். அத்தோட நம்ம கணக்கு முடிஞ்சுது."

எனக்கு நாற்பது வயதில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பெயிண்டர் அங்கே என் அறையில் மேல்கட்டில்காரர். அவரிடம் கேட்டேன்.

"அது வரி போடாத கடைண்ணே. ஆனா வாடகையை நம்ம தலையில போடுற கடை. மிட்டாய்ப் பக்கம் போயிடாதீங்க, நம்ம முக்குக்கடையிலயே சல்லிசு. சரக்குக்குத்தான் ஊர்ல வரி எக்கச்சக்கம், அதுல மிச்சமாகும். அதுவும் தலைக்கு ரெண்டுதான்."

"எனக்கு ஒரு தலைதானே."

"அதையாவது பத்திரமா கொண்டுபோய்ச் சேருங்க."

விமான நிலையத்துக் கடையில் அக்கா மகளுக்கென்று ஒரு மிட்டாய்ப் பெட்டியை எடுத்தேன். விலையைப் பார்த்தேன். பெயிண்டர் சொன்னது சரி. எடுத்த இடத்திலேயே வைத்தேன். கடைசிச் சம்பளத்தில் இரண்டு பாட்டில் வாங்கினேன். கடைப்பெண் பாட்டில்களையும் பில்லையும் உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை ஒட்டினாள். வேகமாக ஏதோ சொன்னாள். பையில் சிவப்பு எழுத்து இருந்தது. நான் படித்தது தமிழ் மட்டும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

விமானத்தில் பையைக் காலடியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாட்டிலோடு பாட்டில் மோதியது. இருபது வருடம் டைல்ஸ் சுமந்தவன் நான். இடையில் துணி இல்லாமல் இரண்டை ஒன்றாக வைக்க மாட்டேன். பையைப் பல்லால் கிழித்தேன். ஒன்றைத் துண்டிலும் மற்றொன்றைக் கைலியிலும் சுற்றினேன். சத்தம் நின்றது. நிம்மதியாகத் தூங்கினேன்.

வழியில் விமானம் மாற வேண்டும். அங்கே சோதனையில் அதிகாரி பாட்டில்களை வெளியே எடுத்துவிட்டு என்னவோ கேட்டார். சட்டைப்பையிலிருந்து கிழிந்த பையை நீட்டினேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் தமிழில் சொன்னார்.

"பிரிச்சிட்டீங்களாண்ணே? ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் பிரிக்கக் கூடாதுன்னுதான் அந்தச் சிவப்பு எழுத்துல போட்டிருக்கு. இனிமே விடமாட்டாங்க."

"உடையக் கூடாதேன்னுதான்..."

அதிகாரி துண்டையும் கைலியையும் மடித்து என்னிடம் கொடுத்தார். பாட்டில்களைப் பக்கத்துத் தொட்டியில் வைத்தார். இரண்டும் உடையவில்லை.

அக்கா வீட்டில் அத்தான் என் பையைத் தானே கொட்டிப் பார்த்தார்.

"துண்டு இருக்கு, கைலி இருக்கு. பாட்டில் எங்கடா?"

சொன்னேன்.

"தொட்டில் கட்டித் தாலாட்டினியாக்கும்! மண்டபத்துக்காரர்கிட்ட அச்சாரம் வாங்கிச் செலவும் பண்ணிட்டேன்டா."

"எங்கயாவது வேலைக்குப் போய்க் கட்டிடறேன் அத்தான்."

"இந்த முதுகை வச்சுக்கிட்டா? குனிஞ்சா நிமிர ஆள் வேணும் உனக்கு."

"அவன் என்ன வேணும்னா பண்ணினான்?" என்றாள் அக்கா, சோற்றைப் போட்டபடி.

"நீ சும்மா இரு." என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை அவர். "விடு. செத்தவன் கணக்குல எழுதிக்கிறேன். நீ ஒரு பைசா தர வேணாம்."

அக்காவின் கரண்டி நின்றது. தட்டில் விழுந்ததைத் தின்றுவிட்டு எழுந்தேன்.

ஒரு அறை பிடித்து, ஒரு கிடங்கில் காவலுக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை போன் வருவதில்லை. அக்கா மகளுக்கு நிச்சயம் முடிந்ததை வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நானே கூப்பிட்டேன். அக்கா எடுத்தாள்.

"அவர் இருக்கார்டா. அப்புறம் பேசறேன்."

பதினெட்டாயிரத்து நானூறும் தீர்ந்தது. யாரும் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்றுகூட.