ஐந்நூற்று நாற்பது வாக்கியங்கள்

மாஸ்டருடைய குரலைக் காப்பாற்ற மூன்றே வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தையும் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் போட்டு வைத்திருந்தாள் அவர் மனைவி.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவரோ மனைவியைச் சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிடுவார். சும்மா வைத்த பெயரில்லை. அவளுக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. நாளொன்றுக்கு இருநூறு குழாய்கள் அவள் கைவழியாகப் போகும். பத்தொன்பது வருடத்தில் ஒரு குழாயில்கூடப் பெயர் மாறியதில்லை. எதையும் இரண்டு தடவை சரிபார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அவர் தொண்டையில் வந்தது புற்று. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று சொன்ன டாக்டர், கூடவே ஒரு வழியையும் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் அறுநூறு வாக்கியங்களை வாசித்துப் பதிவுசெய்து ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால், அதைக்கொண்டு அவர் குரலிலேயே பேசும் செயலி ஒன்றைத் தயார்செய்து தருவார்கள். அப்புறம் அவர் டைப் செய்தால் போதும். போன் அவர் குரலில் பேசும். குறைந்தது முந்நூற்றைம்பது வாக்கியமாவது வேண்டும். மொத்தத்தையும் ஒரேயடியாக அனுப்ப வேண்டும்.

காலையில் எழுந்ததும் இரண்டு மணி நேரம்தான் அவர் குரல் குரலாக இருக்கும். பிறகு கரகரத்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் அவரை மேஜை முன்னால் உட்கார வைத்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வாக்கியம் வாக்கியமாக வாசிக்க வைத்தாள். "பக்கத்து வீட்டு மாடியில் ஒரு நீல வாளி காய்கிறது." "தபால்காரர் நேற்று ஏன் வரவில்லை?"

"யாருடி இதெல்லாம் எழுதறது? நீல வாளிய நான் எந்த ஜென்மத்துல கேக்கப் போறேன்?" என்பார் மாஸ்டர்.

"கேக்க வேண்டாம். வாசிங்க."

கம்ப்யூட்டர் கிழடு. திரையின் மூலையில் ஐந்து மாதமாக ஒரு பெட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது: புதுப்பிக்க வேண்டும், இப்போதா, பிறகா? அவள் ஒவ்வொரு தடவையும் 'பிறகு' என்பதை அமுக்கினாள். புதுப்பிக்க விட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். அவர் குரலில் ஒரு மணி நேரம் போய்விடும். டிஸ்க்கில் இடம் இல்லை என்று சிவப்புக் கோடு காட்டியது. அதற்கும் நேரமில்லை. இரண்டாவது வாரம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. அது பதிவில் விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு கம்பளியை மடித்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டினாள். சத்தம் அடங்கியது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஐந்நூற்று நாற்பதில் நிற்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை நடக்க வேண்டிய ஆபரேஷன் முந்தின வெள்ளிக்கிழமைக்கே வந்துவிட்டது. புதன்கிழமை காலையிலேயே சேர்ந்துவிட வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது மாஸ்டர், "அறுபது கொறஞ்சா ஒண்ணும் குடி முழுகிடாது. இருக்கறத அனுப்பிடு" என்றார்.

அவரைப் படுக்கையில் விட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். இந்தத் தடவை அது அவளைக் கேட்கவில்லை. தானாகவே புதுப்பிக்க ஆரம்பித்தது. முப்பத்தொரு சதவீதம். நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பத்தொரு சதவீதம். துணி மடித்தாள், பாத்திரம் கழுவினாள், வந்து பார்த்தாள். முப்பத்தொன்று. இரண்டரை மணி நேரம் கழித்தும் அதே முப்பத்தொன்று. பெட்டியைத் தொட்டால் கம்பளிக்குள் அடுப்பு மாதிரி கொதித்தது. கம்பளியை உருவி எறிந்தாள். பிறகு செய்யக் கூடாததைச் செய்தாள்: பிளக்கைப் பிடுங்கினாள்.

மறுபடி போட்டபோது கறுப்புத் திரை. டக், டக், டக். அணைத்தாள், போட்டாள். பதினோரு தடவை போட்டாள். பன்னிரண்டாவது தடவை சுவிட்சில் வைத்த விரலை எடுத்துவிட்டாள்.

வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, அழாத. பேக்கப் எடுத்தியா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"எடுத்தேன்டி. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பென் டிரைவ்ல போட்டேன். போட்டுட்டுத் திறந்தும் பாத்தேன். எல்லாம் இருந்துச்சு."

"அப்புறம் என்னம்மா! உயிரே போயிடுச்சு எனக்கு. காலையில எதாவது கடைக்குப் போய் அங்கிருந்து அனுப்பிடு."

அவளுக்கும் போன உயிர் வந்தது.

வியாழக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு கையிலும் பென் டிரைவை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, கடைத்தெரு முக்கில் இருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரி ஐம்பது வயதுக்காரி. நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றி விட்டிருந்தாள். பென் டிரைவை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகினாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் இல்லீங்களே."

"இருக்கு. மஞ்சள் கலர்ல ஒரு பை படம் இருக்கும் பாருங்க. பேரு 'குரல்'."

"படம் இருக்கு. அதோட ஓரத்துல குட்டியா ஒரு அம்புக்குறி தெரியுதா? இது ஷார்ட்கட்டுங்க. வெறும் விலாசம். வீட்டு விலாசத்த ஒரு சீட்டுல எழுதிப் பத்திரமா வெச்சுட்டு, வீட்டையே எடுத்து வெச்சுட்டதா நெனச்சிருக்கீங்க."

"நான் திறந்து பாத்தேங்க. எல்லாம் பாடுச்சு."

"எதுல திறந்தீங்க? உங்க கம்ப்யூட்டர்லதானே? விலாசத்தச் சொன்னதும் அது உள்ள போய் எடுத்துக் காட்டியிருக்கு. வேற ஒரு கம்ப்யூட்டர்ல ஒரு தடவை திறந்து பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கண்ணிமைக்கும் நேரத்தில் காப்பி ஆகி முடிந்தது அவளுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று ஒரு கணம் தோன்றியதும், தோன்றியதை உதறிவிட்டு அடுப்படிக்குப் போனதும் நினைவுக்கு வந்தன. கடையின் இரும்பு ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கடைக்காரி பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றிக் குலுங்காமல் திருப்பிப் பார்த்தாள். "எத்தனை தடவை போட்டீங்க?"

"பதினொண்ணு."

"போட்டிருக்கவே கூடாது. ஒவ்வொரு தடவையும் உள்ள ஊசி கீறிக்கிட்டே போகும். சூடு வேற ஏறியிருக்கு. என்ன, பெட்டி மேல துணி கிணி போட்டிருந்தீங்களா?"

"கம்பளி," என்றாள்.

"என்ன இருந்துச்சு இதுல? போட்டோவா?"

சொன்னாள். அதுவரை கறாராகப் பேசிக்கொண்டிருந்த கடைக்காரி கண்ணாடியை நெற்றியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். "நான் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிப் பாக்கறேன். ரெண்டு நாள் ஆகும், மூணும் ஆகும். வரும்னு சொல்ல மாட்டேன். பொய் சொல்லி உங்கள அனுப்ப எனக்கு மனசு வரல."

"நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

"அதுக்குள்ள ஆகாதுங்க."

ஆஸ்பத்திரி படி ஏறும்போது அவள் ஒரு முடிவோடுதான் ஏறினாள். சொல்லக் கூடாது. கத்திக்குக் கீழே போகிற மனுஷன் நிம்மதியாகப் போகட்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தாள்.

"அனுப்பிட்டியா?" என்றார் மாஸ்டர். காற்றுப் பிரிகிற மாதிரி இருந்தது குரல்.

"அனுப்பிட்டேன்."

"சபாஷ், சூப்பர்வைசர்." அவர் கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்தார். "அப்ப இனிமே நான் வாயத் திறக்க மாட்டேன். டாக்டரும் பேசாதேன்னுதான் சொல்றார்."

அவர் வாயை மூடிக்கொண்ட பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. மணி மூன்று. இன்னும் மிச்சமிருக்கும் இந்தச் சில மணி நேரத்தில்தான் அந்தக் குரல் உலகத்தில் இருக்கப்போகிறது. அந்த நேரத்தை அவள் ஒரு பொய்யால் பூட்டிவிட்டாள். சொன்னால் இன்று ராத்திரி அவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க அவள் உடைந்துபோவாள். வராந்தாவுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மூன்றாவது தடவை வந்தபோது அவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நான் பொய் சொல்லிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். கம்பளி, பிளக், பதினோரு தடவை, அம்புக்குறி, ஒன்றையும் விடவில்லை. குழாயில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டு வந்து ஒப்புக்கொள்கிறவளைப் போல நின்றுகொண்டே சொன்னாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பத்து நிமிஷம் இருக்கும். முதுகு ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"மூணு வாரம்டி," என்றார் சுவரைப் பார்த்து. "தண்ணிகூடக் குடிக்க முடியாம வாசிச்சேன்." அவ்வளவுதான். பிறகு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "போன எடு. ரெக்கார்டு போடு."

நர்ஸ் ஓடி வந்தாள். "என்ன சார் இது, பேசக் கூடாதுன்னு எழுதியே வெச்சிருக்கு!" அவளிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். அவர்கள் இருவரையும் பார்த்தாள். கடைசியில், படுக்கை விரிப்புகள் அடுக்கியிருக்கும் சின்ன அறையைத் திறந்துவிட்டு, "அர மணி நேரம். நான் பாக்கல," என்றாள்.

சுற்றிலும் வெள்ளைத் துணி. சத்தமே எதிரொலிக்காத அறை. வாக்கியப் பட்டியல் கம்ப்யூட்டரோடு போய்விட்டது. என்ன சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"நீல வாளின்னு ஏதோ வருமே," என்றாள் அவள்.

"அந்த வாளிய நீயே வெச்சுக்கோ," என்றார். போனை அவளிடமிருந்து வாங்கி வாயருகே வைத்தார். "கிளட்ச்ச மெல்ல விடு. மெல்லன்னா மெல்ல. பிரேக், பிரேக், பிரேக்! கண்ணாடியப் பாரு மொதல்ல." மகளின் செல்லப் பெயரைச் சொன்னார், சும்மா ஒரு தடவை, கோபமாக ஒரு தடவை, போன் எடுத்தால் கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவை. "உப்பு பத்தல. வலிக்குது. வலிக்கல. லைட்ட அணை. நீ சாப்பிட்டியா? எங்க போயிட்டு வர்ற? சரி விடு." ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். குரல் சில வார்த்தைகளில் இருந்தது, சிலவற்றில் வெறும் காற்றாக வந்தது. அவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள்.

"சிரிங்க," என்றாள்.

"என்ன?"

"ஒரு தடவை சிரிங்க. உங்க சிரிப்பு எதுலயும் இல்ல."

அவர் முயன்று பார்த்தார். வரவில்லை. சொன்னவுடன் சிரிக்க யாரால் முடியும்? இருமல்தான் வந்தது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. நர்ஸ் கதவைத் தட்டினாள். அப்போது எழுபத்தொன்று ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அவள் கையை மட்டும் இரண்டு தடவை அழுத்திவிட்டுப் போனார். ஏழு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கழுத்தில் ஒரு துளை இருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

கடைக்காரி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். "எரநூத்து எண்பத்தெட்டு சுத்தமா வந்திருக்கு. மீதி போயிடுச்சுங்க. ராவெல்லாம் கூட வெச்சுப் பாத்துட்டேன். நான் மூணு எடத்துல காப்பி போட்டுத் திறந்து கேட்டுட்டேன். நீங்களும் வந்து உங்க காதால கேட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க." அவள் போய்க் கேட்டாள். இருநூற்று எண்பத்தெட்டையும் உட்கார்ந்து கேட்டாள். கடைக்காரி அவளை அவசரப்படுத்தவில்லை.

நிறுவனத்துக்கு அனுப்பினாள். எண்ணிக்கை போதாது என்று பதில் வந்தது. துணி அறையில் எடுத்த எழுபத்தொன்றையும் சேர்த்து அனுப்பினாள். குரல் மாறியிருப்பதால் அவற்றை எடுத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். எட்டு கடிதம் எழுதினாள். எட்டாவதில் நடந்தது முழுவதையும், தன் தப்பையும் சேர்த்து, மூன்று பக்கத்துக்கு எழுதினாள். செய்து பார்க்கிறோம், நன்றாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று ஒரு வரி வந்தது.

ஆறு வாரம் கழித்து வந்த குரல், மாஸ்டருக்கு ஜலதோஷம் பிடித்த ஒரு தம்பி இருந்தால் பேசுகிற மாதிரி இருந்தது. 'ழ' வருகிற வாக்கியங்கள் அதிகமும் அழிந்துபோனதால் அதற்கு 'ழ' சரியாக வரவில்லை. பழம் பளமாயிற்று, மழை மளையாயிற்று. முதல் நாள் அவர் நாலைந்து வார்த்தை டைப் செய்து கேட்டார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அன்று முழுக்க இறங்கி வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் எந்தக் குரலில் பதில் வரும் என்று பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டும்போது வழக்கம் போலப் படபடவென்று உத்தரவு போட்டாள்: "மாத்திர மேஜை மேல இருக்கு, கஞ்சிய ஆற வெச்சுக் குடிங்க, டியூப்பச் சுத்தம் பண்ண மறந்துடாதீங்க, பொண்ணு பத்து மணிக்குக் கூப்பிடுவா…"

அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். போனை எடுத்து ஒவ்வோர் எழுத்தாகத் தேட ஆரம்பித்தார். தடித்த விரல்; இரண்டு தடவை அழித்து மறுபடி அடித்தார். பஸ் போகிற சத்தம் தெருவில் கேட்டது. அவளுடைய பஸ்தான். அவள் செருப்போடு திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் அடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.