பெண்கள் வார்டில் மலைகள்

ஸ்கொட்லாந்திலிருந்து வந்த எமிலி, இலங்கையின் பதுளை மிஷன் ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் நோயாளிகளைக் கவனித்துவந்தாள். ஓய்வு கிடைத்தால் மலைகளை வரைவாள். 1911இல் அந்த ஓவியங்களை தேவாலய மண்டபத்தில் கண்காட்சியாக வைத்தாள். அன்று பார்த்துப் பெருமழை. அழைத்திருந்த தேயிலைத் தோட்டத் துரைமார் ஒருவரும் வரவில்லை.

"நம்ம வார்டுக்குக் கொண்டு போவமாம்மா? அங்க பாக்க ஆளு இருக்கு" என்றாள் தாதி றோசாலி.

ஓவியங்களைத் துணியால் மூடி எடுத்துப்போய்ப் பெண்கள் வார்டுச் சுவரில் மாட்டினார்கள். தோட்ட வேலையில் கால் முறிந்து மாதக் கணக்காய்ப் படுத்திருந்த பூவம்மா, ஒன்றைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அடியே, எங்க மடுல்சீமை! அந்தா, லயத்து வீடுகளுக்குப் போற பாதை!"

"பாதை இல்லக்கா, அருவி. அது எங்க கொஸ்லந்த" என்றாள் பக்கத்துக் கட்டில் புஷ்பம்.

வார்டே இரண்டு கட்சியாகி இரைந்தது. கடைசியில் எமிலியிடம் தீர்ப்புக் கேட்டார்கள்.

"மடுல்சீமைப் பாதைதான்" என்றாள் எமிலி தன் கொச்சைத் தமிழில். "ஆனா அன்னைக்கி மழை. பாதையில தண்ணி ஓடிச்சி. ரெண்டு பேரும் சரி."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கொட்லாந்தில் அவள் வைத்த கண்காட்சிகளில் மரியாதையாகத் தலையசைத்துப் போவார்களே தவிர, யாரும் இப்படிச் சண்டை போட்டதில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதற்குள் ஆண்கள் வார்டிலிருந்து ஒரு குரல்: "அம்மா, எங்களுக்கும் காட்டுங்க!"