இடது கால் சாக்ஸ்

பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்திலிருந்து விழுந்து இனியாவின் இடது கால் முறிந்தபோது டிசம்பர் பிறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. பொங்கல் வரை காலைத் தரையில் ஊன்றவே கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எட்டு வயதுப் பெண், உட்கார்ந்து சாப்பிடவே பொறுமை இல்லாதவள்.

அவளுடைய அம்மா வளர்மதி செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவள். அப்பா ராஜ்மோகன் ஆட்டோ ஓட்டுகிறவன். பகலில் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் வந்து சோறு கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். மற்ற நேரமெல்லாம் குழந்தைக்குத் துணை ஒரு பழைய செல்போன்தான். இரண்டே வாரத்தில் இனியாவின் பேச்சு குறைந்துபோனது. எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் யோசித்துப் பார்த்தும் சொல்லத் தெரியவில்லை.

"பாவம், வேற என்னதான் செய்யும் புள்ள? போன வச்சிக்கினாவது சும்மா கெடக்குதே" என்றான் ராஜ்மோகன்.

"சும்மா கெடக்கறதுதாங்க எனக்கு பயமா இருக்குது."

கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி சாக்ஸ் மாட்டி வைத்தால் பரிசு கிடைக்கும் என்று சண்டே கிளாஸில் சொல்லியிருந்தார்கள். அந்த நினைவு வந்து, இனியா போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இடது கால் சாக்ஸு சும்மாதானம்மா இருக்குது. அத மாட்டு."

பல நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முழுப்பேச்சு அது. இந்தச் சாக்ஸில் போடுகிற சாமான், பிள்ளையின் கையைப் போனிலிருந்து பிடுங்க வேண்டும். வளர்மதி முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசர் பெரியநாயகியிடம் கேட்டு, சூளையில் சேதமாகி ஒதுக்கிப் போட்டிருந்த வண்ணம் பூசாத பொம்மைகளில் இரண்டை வாங்கிக்கொண்டாள். தும்பிக்கை நுனி போன ஒரு யானை, காது உடைந்த ஒரு முயல். சாயங்காலம் கடைவீதியில் அன்பரசனின் ஃபேன்சி ஸ்டோருக்குப் போனாள். அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலை இன்னொரு ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு, தெருவுக்கு முதுகு காட்டி வாசல் தூணில் சாய்ந்தாள்.

"இன்னாம்மா, கால் வலியா?" என்று கேட்டார் அன்பரசன்.

"இல்லண்ணே. எம் பொண்ணு இப்படித்தான் இருக்குது. இப்படியே இருந்துக்கினு வெளையாட முடியுதான்னு பாக்கறேன். ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க."

அவர் சாவி கொடுத்தால் ஓடும் காரைக் கொடுத்தார். அது மடியிலிருந்து குதித்துக் கீழே ஓடியது.

"வேணாம். கட்டிலுக்கு அடியில போச்சின்னா எடுக்க எறங்குவா."

பாசிமணி உருண்டது, வேண்டாம். ஊதல், கொளஞ்சியம்மாளுக்குத் தலைவலி, வேண்டாம். சின்னக் கட்டைப் புதிர் ஒன்றும் ஒரு டப்பி வண்ணமும் பிரஷும் தேறின. அன்பரசன் சலிக்காமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

சாய்ந்திருந்தபோதுதான் வளர்மதிக்கு ஒன்று உறைத்தது. நாளெல்லாம் தன் பெண்ணின் கண்ணுக்குத் தெரிவது எதிர்ச்சுவர் மட்டும்தான். ஜன்னல் இருப்பது தலைமாட்டில். கட்டிலைத் திருப்பிப் போட்டால் கதவு திறக்காது. அவள் கை நீட்டி, நீளக் கைப்பிடி வைத்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். முதுகுக்குப் பின்னால் இருந்த கடைவீதி முழுக்க அதற்குள் வந்துவிட்டது.

"இதயும் கட்டுங்கண்ணே."

"இது வெளையாட்டு சாமான் இல்லியேம்மா."

"தெரியும்."

கிறிஸ்துமஸ் காலையில் இனியா சாக்ஸைக் கவிழ்த்தாள். புதிரை அரை மணி நேரத்தில் முடித்துத் தூக்கிப் போட்டாள். யானைக்கு நீலம் பூசுவதில் மதியம் வரை போனது. கண்ணாடியை மட்டும் தலை சீவ என்று நினைத்து ஒதுக்கிவிட்டாள்.

"மேல தூக்கிப் புடிச்சிப் பாரு" என்றாள் வளர்மதி.

இனியா தூக்கினாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, ரோடு தெரியுது."

மறுநாள் வளர்மதி வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பியபோது வாசலிலேயே கொளஞ்சியம்மாள் பிடித்துக்கொண்டாள். "மதியானத்துல இருந்து உம் பொண்ணு வாய மூடல. என்னை ஒரு வேல செய்ய வுடல."

உள்ளே இனியா காத்திருந்தாள். எதிர்வீட்டு ஆடு கீரைக்காரம்மா கூடையில் வாய் வைத்தது, தண்ணி கேன் வண்டி பஞ்சர் ஆகி நின்றது, யாரோ ஒருவர் போனில் பேசிக்கொண்டே ஏழு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நடுவில் தானாகவே, "கொஞ்ச நேரம் போனும் பாத்தேன்" என்றாள்.

"சரி. அந்த ஆட்ட அப்புறம் யாரு ஓட்டனாங்க?" என்று கேட்டாள் வளர்மதி. பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட மறந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

ராஜ்மோகன் வந்ததும் உத்தரவு பிறந்தது. "அப்பா, நாளைக்கி நம்ம ஆட்டோவ இந்தப் பக்கமா ஓட்டிக்கினு போ. நான் பாக்கணும்."

காலையில் அவன் ஹாரன் அடித்து, கையை ஆட்டிக்கொண்டு ஜன்னல் ஓரமாக இரண்டு தடவை போனான். இரண்டாம் தடவை ஜங்ஷனுக்குப் போகும் சவாரி ஒருவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். யாருக்கு என்று தெரியாவிட்டாலும் அவரும் கையை ஆட்டிவிட்டுப் போனார்.