எஸ்தரக்காவும் மறுசோறும்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குப் பிலவேந்திரனின் பசி கதவைச் சாத்திவிட்டு வெளியே போனது. ஏரிப் பக்கம் நடந்துபோனதைப் பால்காரர் பார்த்திருக்கிறார். ஸ்வெட்டர்கூடப் போடவில்லையாம்.

வேறு நாளாக இருந்தால் அவன் அலட்டிக்கொண்டிருக்க மாட்டான். அன்று மதியம் ஜெசிந்தா வீட்டில் சம்பந்தம் பேசும் விருந்து. கொடைக்கானலில் அந்தத் தெருவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளையாக வருகிறவன் மறுசோறு கேட்க வேண்டும். கேட்டால் கல்யாணம். கேட்காவிட்டால் அந்த வீட்டிலேயே ஏதாவது சாமானாக இருந்துவிட வேண்டும்.

ஜெசிந்தா இல்லாமல் அவனுக்கு ஒரு வாழ்க்கை கிடையாது. பசியோ ஏரிக்கரையில்.

அவன் தங்கை பெனிட்டா வாசனை எண்ணெய் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். தொட்டிச் செடியிலிருந்து ஒல்லியான இலைகளைக் கிள்ளி நீட்டினாள்.

"டாரகன். மரிக்கொழுந்துக்குச் சொந்தக்காரச் செடி. மென்னு முழுங்கு. பசி திரும்பி வரும்."

"இதுல என்ன இருக்கு?"

"எஸ்ட்ரகோல்னு ஒரு வாசனை எண்ணெய்ச் சத்து இருக்கு. ஓசிமீன்னு இன்னொண்ணு இருக்கு."

"எஸ்தரக்காவா? ஓசி மீனா?"

"முதல்ல போய்க் காதைக் கழுவு."

அவன் மென்றான். சோம்பு மணத்தது. எஸ்தரக்கா வந்தார். நீலப் புடவை, கையில் வயர்கூடை. கூடையில் ஒரு மீன்.

"மீன் என்ன விலை?"

"ஓசிதான்" என்றது மீன். பூ மாதிரி மணத்தது. "செடியைக் கம்பளிப்பூச்சி கடிச்சா, பக்கத்துச் செடிக்கு வாசத்துல சொல்லி அனுப்புறது நான்தான்."

"நான் வயித்துப் பிடிப்பை இளக்குவேன் தம்பி" என்றார் எஸ்தரக்கா. "ஆனா ரொம்பத் தங்கமாட்டேன். அளவுக்கு மீறினா ஈரலுக்கு ஆகாது. சோதனைக்கூட எலிங்களைக் கேட்டுப் பாரு, கதை கதையாச் சொல்லும்."

அவனும் எஸ்தரக்காவும் மீனுமாக ஜெசிந்தா வீட்டுக்குப் போனார்கள்.

"செருப்பைச் சாரோட மேல்தட்டுல விடுங்க" என்றார் ஜெசிந்தாவின் அப்பா மிக்கேல். சார் போன மாதம் வந்த மாப்பிள்ளை. போதும் என்று சொல்லிவிட்டார். இப்போது செருப்பு ஸ்டாண்டு.

"சவுக்கியமா சார்?"

"பரவாயில்லை. மழைக்காலத்துலதான் நாத்தம்."

இலை போட்டார்கள். மீன் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு மூச்சு விட்டது. கொஞ்ச நேரத்தில் பசி படியேறி வந்தது. யாருடைய ஸ்வெட்டரையோ போட்டிருந்தது. மன்னிப்புக் கேட்காமல் தன் இடத்தில் உட்கார்ந்தது.

பிலவேந்திரன் சாப்பிட்டான். சாப்பிடச் சாப்பிட இலை நீண்டது. கூடத்தைத் தாண்டி, அடுப்படி வரை போனது. அதன் மறுகோடியில் ஜெசிந்தா சோற்றுச் சட்டியுடன் நின்றாள். சின்னதாகத் தெரிந்தாள்.

சோறு தீர்ந்தது. எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

அவன் வாயைத் திறந்தான். நாக்கு மரத்திருந்தது. எஸ்தரக்கா அதன்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மழுழோழு" என்றான்.

"என்ன சொல்றாரு?" என்றார் மிக்கேல்.

"மழுழோழு."

"போதும்ங்கிறார்போல."

அவன் முழங்காலில் வார்னிஷ் வாசம் அடித்தது. விரல்கள் கொக்கிகளாக வளையத் தொடங்கின. வாசலில் சார் மரியாதையாக நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

அப்போது ஓசி மீன் கூடைக்குள் நிமிர்ந்தது. அதன் வாசம் இலையின்மேல் ஓடியது. கூட்டைத் தாண்டியது, பொரியலைத் தாண்டியது, அடுப்படிக்குள் நுழைந்தது. ஜெசிந்தா முகர்ந்தாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு இலையோரமாகவே ஓடி வந்தாள். வர வரப் பெரிதானாள். மொத்தச் சோற்றையும் அவன் முன்னால் கவிழ்த்தாள்.

"ஏம்மா, அவர் கேக்கவே இல்லையே" என்றார் மிக்கேல்.

"எனக்குக் கேட்டுச்சுப்பா."

மிக்கேல் யோசித்தார். கேட்க வேண்டும் என்பதுதான் வழக்கம். யாருக்கு என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

"சாருக்குக் கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு" என்றார் சார். சந்தோஷத்தில் மேல்தட்டுச் செருப்புகளைக் கீழே போட்டார்.

கொக்கிகள் விரல்களாயின. பிலவேந்திரன் இரண்டு கையாலும் சாப்பிட்டான். பசி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கைதட்டியது. ஜெசிந்தா அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதே இலையில் கை வைத்தாள். சிரித்தபடி அவன் திறந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"அது சரி, உங்க நாக்குல தூங்குறாங்களே, அந்த அம்மா யாரு?"