திவ்யா கண்ணை இடுக்கியது ஏன்

1

அன்று பாம்பூஃப்ளாட் வீட்டில் இருந்தவர்கள்: நான், சொக்கலிங்கம்; என் தம்பி அழகர்சாமி; அவன் மகள் திவ்யா, கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை; அவளைப் பெண் பார்க்கத் தீவின் வடகோடித் திக்லிபூரிலிருந்து வந்த ஜம்புலிங்கம், அவர் மனைவி ஜெயலட்சுமி, மகன் உதயசூரியன். வேறு யாரும் இல்லை. முந்தின நாள் கப்பலில் கேபின் எடுத்து அலுங்காமல் வந்ததாக ஜம்புலிங்கம் விவரித்துக்கொண்டிருந்தபோது, திவ்யா கண்ணை இடுக்கி அவரைப் பார்த்தாள். இந்தக் கதை அதிலிருந்துதான் பிறந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சன்னல் வழியே வெயில் அவள் முகத்தில்...’

நிறுத்திவிட்டேன். வெயில் என்று எழுதினால் குடும்பத்துக்கு நல்லது. ஆனால் அன்று வானம் மூடிக் கிடந்தது.

3

மனிதர் ஏன் கண்ணை இடுக்குகிறார்? வெளிச்சம் கூசுவதால், பார்வை மங்கியதால், சிரிப்பை அடக்க, [அழுகையை அடக்கவும், அறிவேன், விளக்க மாட்டேன்] கேட்டதை நம்ப முடியாமல். முகம் ஒன்றுதான், காரணத்தைப் பார்ப்பவர் எழுதிக்கொள்கிறார். ஜெயலட்சுமி அம்மாள் பார்வைக் குறை என்று எழுதிக்கொண்டார். பேச்சுவாக்கில் கேட்பதுபோல, எதிர்ச்சுவர்க் காலண்டரைப் பார்த்து அமாவாசை என்றைக்கு என்று சொல்லச் சொன்னார்.

எங்கள் வீட்டில் ஐம்பது வயதுக்கு முன் கண்ணாடி போட்டவர் கிடையாது. இந்தச் சொல் பரவினால் அடுத்த வரன் வாசலுக்கு வராது. எழப் போனேன். தம்பி கையைப் பிடித்தான்.

4

திவ்யா உட்கார்ந்த இடத்திலிருந்தே அமாவாசையைப் படித்தாள். கீழே பொடி எழுத்தில் இருந்த ராகுகாலத்தையும் படித்தாள். பிறகு ஜம்புலிங்கத்திடம் திரும்பினாள்.

“மாமா, நேத்து உங்க ஊரு ஜஹாஸ் வரவே இல்லை. மௌசம் கராப்னு கேன்சல். போர்டுல எழுதிப் போட்டதே நான்தான்.”

[‘ஜஹாஸ்’ என்ற இந்திச் சொல்லை மாற்ற நினைத்தேன். தீவில் கப்பலுக்கு அதுதான் பேர், மோசமான வானிலைக்கு ‘மௌசம் கராப்’. இருக்கட்டும்.]

ஜம்புலிங்கம் காபியைப் பார்த்தார். மகன்தான் பேசினான்.

“பஸ்லதாங்க வந்தோம். வழியெல்லாம் வாந்தி. அப்பாவுக்கு.”

திவ்யா இப்போது அவனைக் கண் இடுக்கிப் பார்த்தாள். அது சிரிப்பு என்கிறான் தம்பி. எனக்கு அப்படித்...

5

இரண்டு முடிவுகள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில், பையன் உண்மை சொன்னதற்காகவே அவள் சம்மதிக்கிறாள். மற்றதில், நான் எழுந்து நின்று குடும்ப மானத்தைப் பற்றிப் பேசுகிறேன். [பேசவில்லை.] அந்த இரண்டாவது பார்வைக்கு என்ன பொருள் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. வாசகர் தம் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பெண்ணுக்குக் கண்ணில் கோளாறு என்று திக்லிபூர்க்காரர்கள் ஒதுங்கிவிட்டார்களாம், அக்கரைக்குப் போகும் படகில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. பெண் வேண்டும் என்று அவர்கள் இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள். வேண்டாம் என்று நாங்கள்... வேண்டாம் என்றது திவ்யா.