ஏழாம் எண் பாட்டில்

மாவு டப்பாவுக்குப் பின்னால் இல்லை. பாத்திரக் கூடைக்கு அடியிலும் இல்லை. அக்கா ஜன்னல் விளிம்பில் கையை விட்டுத் துழாவினாள். தூசியும் ஒரு துருப்பிடித்த சாவியும்தான் அகப்பட்டன. முன்னறையில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். ஆட்கள் வருவதும் நாற்காலி இழுபடுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் வண்டி வந்துவிடும். அதற்குள் அந்தப் பாட்டில் கைக்கு வந்தாக வேண்டும். வேறு யாராவது எடுத்து, இது என்ன மருந்து, யார் கொடுத்தது என்று கேட்டுவிடக் கூடாது.

"என்னம்மா தேடற?" சித்தப்பா சமையலறை வாசலில் நின்றார்.

"டம்ளர், சித்தப்பா. வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கணும்."

"கையில வெச்சிருக்கியே, அது என்ன?"

அவள் குனிந்து பார்த்தாள். இடது கையில் டம்ளர் இருந்தது. சித்தப்பா அதை வாங்கித் தானே தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்.

உள்ளங்கைக்குள் அடங்கும் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் அது. வெள்ளை மூடி. ஒட்டிய காகிதத்தில் ஏழு என்று ஒற்றை எண், வேறு எழுத்தே கிடையாது. போன சனிக்கிழமை அவளேதான் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள்.

பதினொரு வருடமாக அவள் குடல் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடி கழுவுகிறாள். மனிதன் தின்றது எப்படிச் செரிக்கிறது, குடல் ஏன் புண்ணாகிறது என்று மேல்மாடியில் ஆராய்வார்கள். அவர்கள் அழுக்காக்கிய குழாயும் தட்டும் பாட்டிலும் கூடை கூடையாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வரும். பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் மூன்று தடவை, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை அலசிக் கவிழ்க்க வேண்டும். ஒரு தடவை குறைந்தாலும் மேலே ஒருவருடைய ஒரு மாத வேலை வீணாகும். கழுவுதொட்டிக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. எண்கள் அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். எழுத்து வந்தது நாற்பதைத் தாண்டித்தான். எழுத்துக் கூட்டி அவள் முழுதாகப் படித்த முதல் வாக்கியம் அந்தப் பலகையில் இருந்தது. 'மருந்து கலந்த எதையும் தொட்டியில் ஊற்றாதே, மஞ்சள் கேனில் ஊற்று.' படித்து முடித்த அன்று, இத்தனை நாளும் சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

தம்பி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறவன். அவன் போட்ட முடிச்சு எந்தக் காற்றுக்கும் அவிழாது, அதன் ஒரு முனையை இழுத்தால் மட்டும் மொத்தமும் கழன்று விழும். மூன்று வருடமாகக் குடல் புண் அவனைத் தின்றது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது, ஆராய்ச்சிக்கு ஒரு துளி சதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். "எடுத்துக்கோங்க, நான் வெச்சு என்ன செய்யப்போறேன்" என்று கையெழுத்துப் போட்டான். ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பெயர் வராது, எண்தான் வரும். ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது ஒரே ஒரு டப்பா. நாற்பத்தொன்று. வாசலில் அதை வாங்கி மேலே கொண்டுபோய் வைத்தவளே அக்காதான்.

அதை ஒரு தட்டில் வைத்துத் தீனி ஊற்றி வளர்த்தார்கள். அது பிழைத்தது, பெருகியது. வீட்டில் சொன்னபோது தம்பி படுத்தபடியே சிரித்தான்.

"நான் வேலைக்குப் போகாம இங்க சுருண்டு கெடக்கேன். என் குடல் ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்குது. சம்பளம் யார் பேர்லக்கா போடுவாங்க?"

"மூணு வேளையும் சாப்பாடு போடறாங்கடா. அது போதாதா?"

"அதுக்குச் செரிக்குதா?"

"நல்லாவே செரிக்குதாம்."

"கொடுத்துவெச்ச குடல்" என்றான்.

சென்ற வெள்ளிக்கிழமை, காலியான தட்டுகளை எடுக்க அவள் மேலே போயிருந்தாள். ஆராய்ச்சிக்கார மேடம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி பக்கத்திலிருந்த மாணவியிடம் சொன்னாள்: "நாப்பத்தொண்ணைப் பாரு. ஏழாம் நம்பர்ல நல்லா தேறிடுச்சு. மத்ததெல்லாம் சுருங்கிக் கறுத்துக் கெடக்கு, இது மட்டும் பளபளன்னு இருக்கு."

அக்கா தட்டுக் கூடையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். எட்டு பாட்டில்கள், நாற்பத்தொன்றைப் பிரித்து வைத்த எட்டுத் தட்டுக்கு. எதில் என்ன இருக்கிறது என்பது மேடத்துக்கே தெரியாது. அதை எழுதிய காகிதத்தை உறையில் போட்டு ஒட்டி அலமாரியில் பூட்டியிருப்பார்கள். எந்தத் தட்டில் எத்தனை தேறின என்று எண்ணி முடித்த பிறகுதான் பிரிப்பார்கள். "என்ன மருந்துன்னு முன்னாடியே தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்மா" என்று மேடம் ஒருதரம் அவளிடம் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு உறை எதற்கு? தம்பியின் குடலே வாய் திறந்து சொல்லிவிட்டது, ஏழு என்று.

மறுநாள் மிச்சப் பாட்டில்கள் எட்டும் கீழே இறங்கி வந்தன. ஏழாம் எண்ணைத் தவிர மற்ற ஏழும் மஞ்சள் கேனில் போயின.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஸ்பூன் கொடுத்தாள். அன்று அவன் பால் கேட்டுக் குடித்தான். பல மாதத்துக்குப் பிறகு நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினான். "நாக்குல உப்புக் கரிக்குதுக்கா, ஆனா வயித்துல இதமா இருக்கு" என்றான். பாட்டிலைத் தன் பழைய கைக்குட்டையில் சுற்றி, தார்ப்பாய் முடிச்சுப் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை வலி வந்தது. தம்பி மனைவி, "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், எனக்கு பயமா இருக்கு" என்றாள். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா மருந்து இருக்குல்ல" என்று அக்காவைப் பார்த்தான். இருவரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"மருந்து உள்ள வேலை செய்யறப்ப வலிக்கும்போல. ரெண்டு நாள் பொறுடா" என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வியாழன் விடிகாலையில் டாக்டர் வெளியே வந்தார். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டார்.

"அண்ணி."

திரும்பினாள். தம்பி மனைவி சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து நீட்டினாள். கைக்குட்டை, அதே முடிச்சு.

"இதையா தேடறீங்க? காலைலயே எடுத்து வெச்சுட்டேன். யார் கண்ணுலயும் படல."

அக்கா வாங்கிக்கொண்டாள். உள்ளே கொஞ்சம் குலுங்கியது.

"மிச்சம் இருக்கே."

"ஒரு வேள இருக்கு." அவள் குரல் இறங்கியது. "செவ்வாக்கிழமை மத்தியானம் தூங்கிட்டிருந்தார். எழுப்ப மனசு வரல. அந்த ஒரு வேள விட்டுட்டேன், அண்ணி. அன்னிக்குச் சாயந்திரம்தான் வலி ஜாஸ்தியாச்சு."

"சும்மா இரு."

"நீங்க வேலைக்குப் போறப்ப ஒரு வேளகூட விடாதேன்னுதானே சொல்லிட்டுப் போனீங்க? நான் விட்டேன். அதனாலதானே அண்ணி? எங்கிட்ட மறைக்காதீங்க."

அக்கா வாயைத் திறந்தாள். நீ விட்டதால் இல்லை என்று சொன்னால், நான் கொடுத்ததால் என்று சொல்ல வேண்டியிருக்கும். பெயர் தெரியாத மருந்து. தட்டுக்கு ஊற்றுகிற மருந்து. அதுதான் குடலை அரித்து ஓட்டை போட்டதா? விடிகாலையிலிருந்து அந்த ஒரு கேள்வி அவள் நெஞ்சுக்குள் குத்திக்கொண்டு நிற்கிறது.

"மேடத்துகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

"அவங்ககிட்டயா? வேலை போயிடும் அண்ணி."

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. சித்தப்பா கதவைத் தட்டினார்.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனாள். வாசல் காவலாளி, "லீவு போட்டிருக்கலாமேம்மா, நேத்துதானே" என்றார். தலையை ஆட்டிவிட்டுக் கீழ்த்தளத்துக்குப் போகாமல் மேலே ஏறினாள். பதினொரு வருடத்தில், கூடை இல்லாமல் வெறுங்கையோடு அவள் அந்தப் படிகளில் ஏறியதில்லை.

மேடம் தனியாக இருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்தாள்.

"கேள்விப்பட்டேம்மா. ரொம்ப வருத்தமா இருக்கு. உக்காருங்க."

அக்கா உட்காரவில்லை. கைக்குட்டையை மேசைமேல் வைத்து ஒரு முனையை இழுத்தாள். முடிச்சு கழன்று விழுந்தது. பாட்டில் தெரிந்தது.

மேடம் எண்ணைப் பார்த்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"இது எப்படி உங்ககிட்ட?"

"நாப்பத்தொண்ணு என் தம்பிங்க, மேடம்."

பக்கத்து அறையில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"நல்லா தேறிடுச்சுன்னு நீங்க சொன்னதக் கேட்டேன். கொண்டுபோயிக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமைலேர்ந்து ஒரு நாளைக்கு மூணு ஸ்பூன். போலீஸ்ல சொல்லுங்க, வேலைய விட்டு நிறுத்துங்க, என்ன வேணா பண்ணுங்க. இதுல என்ன இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. நான்தான் கொன்னேனான்னு எனக்குத் தெரியணும்."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். வெறுங்கண்ணோடு அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது.

"எண்ணிக்கை இன்னும் முடியல. உறையப் பிரிச்சா நாலு மாச வேலை செல்லாதுன்னு ஆயிடும்."

"சரிங்க மேடம்." அக்கா அங்கேயே நின்றாள்.

மேடம் எழுந்து அலமாரியைத் திறந்தாள். பழுப்பு உறையை வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்துவிட்டு ஓரத்தைக் கிழித்தாள். காகிதத்தில் விரலை ஓட்டிக்கொண்டே கீழே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழுல ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லன்னா?"

"உப்புத் தண்ணி. கொஞ்சம் சர்க்கரை. அவ்வளவுதான். எட்டுல ஒண்ணு வெறுமனே வெப்போம். மருந்து போட்டதால தேறுச்சா, தானா தேறுச்சான்னு ஒப்பிட்டுப் பாக்க."

"தட்டுல தேறுச்சே, மேடம்?"

"உடம்புக்குள்ள அதை அரிச்சிட்டிருந்தது எதுவும் தட்டுல கிடையாது. வெளிய வந்தா, சாப்பாடு மட்டும் கிடைச்சா, சிலது தானா தேறிக்கும்." மேடம் காகிதத்தை மடித்தாள். மறுபடி விரித்தாள். "ஓட்டை விழுந்தது வியாதியால. இதால இல்ல. உப்புத் தண்ணி யாரையும் கொல்லாது."

அக்கா தலையாட்டினாள். ஒரு மூச்சு முழுதாக உள்ளே போனது. அது வெளியே வருவதற்குள் திங்கட்கிழமை வந்து நின்றது. பல்லைக் கடித்தபடி அவளைப் பார்த்த தம்பியின் முகம். ரெண்டு நாள் பொறுடா. ஏன் இத்தனை தாமதம் என்று கேட்ட டாக்டர்.

"நான் அன்னிக்கு வாயத் தொறந்து சத்தமா சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் மேடம், தனக்குள் சொல்வதுபோல. பிறகு, "நாப்பத்தொண்ணு இன்னும் உயிரோட இருக்கு. வெச்சுக்கறதா, நிறுத்திடறதான்னு அவங்க வீட்டுல கேக்கணும். இப்ப வேணாம். மெதுவா சொல்லுங்க."

"இன்னிக்கு அதுக்குச் சாப்பாடு வெச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"வெச்சிடுங்க, மேடம்" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மேடம் தடுக்கவில்லை.

படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று தம்பி மனைவிக்குப் போன் செய்தாள்.

"கேட்டுட்டேன். நீ விட்ட ஒரு வேளையால ஒண்ணும் ஆகல."

"நெசமாவா அண்ணி?"

"உறையப் பிரிச்சுப் பாத்துச் சொன்னாங்க. நீ எழுப்பாம விட்டதே நல்லது. அந்த நேரமாவது தூங்கினான்."

மறுமுனையில் அழுகை கேட்டது, பெரிதாக, மூச்சு விட்டு விட்டு. நேற்று வண்டி கிளம்பியபோதுகூட அவள் இப்படி அழவில்லை. அது அடங்கும்வரை அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அப்ப எதனாலண்ணி?"

"வியாதியால" என்றாள். "குழந்தைக்குச் சாப்பிடக் குடு. வெச்சிடறேன்."

கீழ்த்தளத்தில் நேற்றைய கூடைகளும் சேர்ந்து ஏழு கூடைகள் காத்திருந்தன. நீண்ட ரப்பர் உறையைக் கையில் ஏற்றினாள். பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்தாள். அடியில் ஒரு ஸ்பூன் அளவு இருந்தது, நிறமில்லாமல், வாசனையில்லாமல். காலடியில் மஞ்சள் கேன் வாயைத் திறந்து வைத்திருந்தது. பழக்கத்தில் கை அதன் பக்கம் போனது. பாதியில் நின்றது.

நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டாமலே படிக்க முடிந்தது.

தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். அது ஓட்டையைச் சுற்றி ஒருதரம் வளைந்து இறங்கிப் போனது. எண்ணை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பிரஷை உள்ளே விட்டுத் தேய்த்தாள். குழாய்த் தண்ணீரில் மூன்று தடவை. வடித்த தண்ணீரில் ஒன்று, இரண்டு, மூன்று. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். துளி கறை இல்லை.

மறுபடி குழாயைத் திறந்து முதலிலிருந்து அலசத் தொடங்கினாள்.