கண்ணாடி விழுந்த பக்கம்

சட்டத்தில் கண்ணாடி இல்லை. ஆள் உயர மரச்சட்டம் மட்டும்தான். இந்தப் பக்கம் அண்ணி, அந்தப் பக்கம் நாத்தனார். இருவருக்கும் ஒரே வெள்ளை உடை, ஒரே கொண்டை. பழைய ரத்தக்காட்டேரிக் கதையில், காட்டேரிப் பிரபுவின் உருவம் கண்ணாடியில் தெரியாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். பாலே நடனத்தில் வாய் திறக்க முடியாதே. அதற்கு மாஸ்டர் கண்டுபிடித்த வழி இது. நாயகி சட்டத்தின் முன்னால் ஆடுவாள். அவளுடைய பிம்பமாக இன்னொருத்தி எதிரே ஆடுவாள். பிரபு வந்து நாயகியின் கழுத்தருகே குனிவான். பிம்பத்தின் பின்னால் மட்டும் யாரும் இருக்க மாட்டார்கள்.

"வீட்லயும் நாத்தனாரு, கண்ணாடிலயும் நாத்தனாரா? குடுத்து வச்சவங்க நீங்க" என்றான் பிரபுவாக ஆடுகிறவன். பொய்ப்பல் மாட்டியிருந்ததால் பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. பல்லு என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிட்டார்கள். அண்ணி சிரித்து வைத்தாள்.

அவளுடைய வலது முழங்கால் கொஞ்ச நாளாகவே சரியில்லை. மாஸ்டருக்குத் தெரிந்தால் வேஷம் போய்விடும். வேறு ஆள் தேடக்கூட வேண்டாம், ஒவ்வொரு அசைவையும் கரைத்துக் குடித்தவள் எதிரிலேயே நிற்கிறாள். குளியலறையைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டுத்தான் அண்ணி தைலம் தேய்ப்பாள். வெளியே வந்தால் நாத்தனார் துண்டோடு நிற்பாள். "முடிஞ்சுதா அண்ணி?" என்பாள். எது முடிந்ததா என்று கேட்கிறாள்? புருஷன்கூட ஒருநாள், என்ன வாசனை என்று கேட்டுவிட்டான். இவள் மட்டும் கேட்கவே இல்லை. அதுதான் உறுத்தியது. இப்போதெல்லாம் பிம்பம் ஒரு நூலிழை முன்னதாகவே அசைவதுபோல் வேறு இருந்தது.

இசை தொடங்கியது. முதுகுக்குப் பின்னால் பல்லுவின் அங்கி உரசியது. இரண்டு முழங்காலையும் மடக்கி, அப்படியே கால்விரல் நுனியில் எழ வேண்டிய இடம். மடக்கினாள். வலது காலுக்குள் ஏதோ பிசகியது. அவ்வளவுதான், எழ முடியாது என்று தெரிந்துவிட்டது.

அந்த நொடியில் எதிரே நாத்தனார் பொத்தென்று விழுந்தாள்.

மாஸ்டர் இசையை நிறுத்தினார். "கண்ணாடி விழுந்தா உடையணும்மா. நீ என்ன, பாவாடையத் தட்டிட்டு எந்திரிக்கிற?"

எல்லோரும் சிரித்த சத்தத்தில் அண்ணி சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. மூச்சு திரும்பிய பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. அவளுக்கு வலது என்றால் பிம்பத்துக்கு இடது. ஒத்திகையில் ஒருநாளும் நாத்தனார் அதில் தப்பியதில்லை. இன்றைக்கு மடங்கியது நாத்தனாருடைய வலது கால்.

"எந்தக் கால்ல விழுந்த?" என்று கேட்டாள், மெதுவாக.

நாத்தனார் கொண்டையைச் சரிசெய்தாள். "கவனிக்கல அண்ணி. உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

காப்பாற்றினாளா? இல்லை, விழுந்தால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஆடிக் காட்டினாளா? அந்த முகத்தில் தன்னுடைய முகத்தைத் தவிர வேறெதுவும் அண்ணிக்குத் தெரியவில்லை. அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தாள் நாத்தனார்.

"மறுபடி மொதல்லேர்ந்து" என்றார் மாஸ்டர்.

முதல் அசைவு, கண்ணாடியைத் தொடுவது. அண்ணி இடது கையை மெல்ல உயர்த்தினாள். சட்டத்துக்கு அந்தப் பக்கம், வெறும் காற்றில், விரல்களை விரித்தபடி ஒரு வலது கை ஏற்கெனவே காத்திருந்தது.